ஆடும் நாற்காலி, மேசை, அலமாரியை வீட்டிலேயே இறுக்குவது எப்படி?

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மர நாற்காலிகள் நான்கு, ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு புத்தக அலமாரி. எல்லாமே ஆடுகின்றன. நாற்காலிகளில் ஆணி அடித்துப் பார்த்தாயிற்று, ஒரே மாதத்தில் மறுபடி ஆட்டம். புதிதாக வாங்க வசதியில்லை, பெரிய கருவிகளும் கையில் இல்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். மரம் நன்றாக இருந்தால் செலவு மிகக் குறைவு. ஒரு சிறு பாட்டில் மரப்பசை (மரம் ஒட்டும் வெள்ளைப் பசை), இரண்டு உப்புத்தாள், நான்கைந்து மீட்டர் கயிறு போதும். ஆனால் நேரம் கேட்கும். ஒரு நாற்காலிக்கு மொத்தம் இரண்டு மணி நேர வேலை, நடுவே மரம் உலர ஒரு நாள், பசை போட்ட பின் ஒரு முழு நாள் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் ஆணியை எடுக்கிறார்கள்.

முதலில் ஏன் ஆடுகிறது என்று பார்ப்போம், காரணம் தெரிந்தால் வைத்தியம் தானாகப் புரியும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், உலர்ந்தால் சுருங்கும். இது நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், கிட்டத்தட்ட இல்லை. அகலவாக்கில்தான் நடக்கும். நாற்காலியின் குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு போலச் சீவி, காலில் வெட்டிய துளைக்குள் செருகியிருப்பார்கள். சட்டத்தின் நார் படுக்கையாக ஓடுகிறது, காலின் நார் நெட்டாக ஓடுகிறது. ஆகவே இரண்டும் வெவ்வேறு திசையில் சுருங்கி விரிகின்றன, நடுவில் மாட்டிய பசை ஒவ்வொரு பருவத்திலும் இழுபடுகிறது. ஒரு நாள் அது விட்டுவிடும். விட்ட பிறகு, சாய்ந்து உட்காரும் ஒவ்வொருவரும் அந்த நாக்கை நெம்புகோல் போல ஆட்டுகிறார்கள். துளையின் விளிம்பு நசுங்கி வாய் அகலமாகிறது. ஆட்டம் நாளுக்கு நாள் கூடுவது இதனால்தான்.

இதில் ஆணி அடித்தால் என்ன ஆகும்? வழவழப்பான இரும்புக் கம்பி ஒன்று ஆடும் நாக்கின் நடுவே நிற்கும். நாக்கு ஆட ஆட ஆணி தன் ஓட்டையை அகலப்படுத்திக்கொள்ளும். பல சமயம் நாக்கையே நாரோடு பிளந்துவிடும். அதைவிட மோசம், பிற்பாடு மூட்டைக் கழற்ற விடாது. நீங்கள் ஏற்கெனவே அடித்திருப்பதால் உங்கள் வேலை அந்த ஆணிகளைப் பிடுங்குவதில் தொடங்குகிறது. தலை உள்ளே புதைந்திருந்தால், சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைக் கூரான கத்தியால் தோண்டி, கூர்மூக்குக் குறடால் பிடித்து, நேராக இழுங்கள். பக்கவாட்டில் நெம்பாதீர்கள்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கும் முன் பசையைத் தொடக்கூடாது. நாற்காலியை இருந்த இடத்திலேயே கால்வாசி வட்டம் திருப்பி வையுங்கள். ஆட்டம் நின்றாலோ வேறு காலுக்கு மாறினாலோ குற்றம் தரையுடையது. எங்கே வைத்தாலும் அதே கால் தூக்கினால் கால் நீளத்தில் வித்தியாசம், அல்லது நாற்காலியே முறுக்கியிருக்கிறது. பிறகு ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு மறு கையால் முதுகுச் சட்டத்தை முன்னும் பின்னும், பிறகு இடவலமாக ஆட்டுங்கள். கண்ணை மூட்டுகளின்மேல் வையுங்கள். விட்டுப்போன மூட்டில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு திறந்து திறந்து மூடும். விரல் நுனியைப் பாதி காலிலும் பாதி சட்டத்திலும் படும்படி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். விட்ட மூட்டுகளில் எல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பெரும்பாலும் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம்தான் முதலில் விடும், சாயும்போது வரும் பாரம் முழுவதும் அங்கே இறங்குவதால்.

கால் நீளம்தான் பிரச்சினை என்று தெரிந்தால் ரம்பத்தைக் கையில் எடுக்க அவசரப்படாதீர்கள். மூட்டுகள் இறுகிய பிறகு பல நாற்காலிகளில் இந்த வித்தியாசம் தானாகவே போய்விடும். அதற்குப் பிறகும் நின்றால், சமதளமான தரையில் வைத்து, தூக்கும் காலின் அடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஆட்டம் நிற்கும்போது அட்டைகளின் மொத்தத் தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால், அவ்வளவுதான் குறை. அந்தக் காலுக்கோ அதன் குறுக்கு மூலையில் இருக்கும் காலுக்கோ 2 மில்லிமீட்டர் கூட்டினாலும் சரி, மற்ற இரண்டில் ஒன்றில் 2 மில்லிமீட்டர் குறைத்தாலும் சரி, ஆட்டம் நிற்கும். நாலில் எது என்பதை ரசமட்டம் சொல்லும். இருக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப முடிவெடுங்கள். முடிந்தவரை கூட்டுவதே நல்லது. கெட்டியான மரத்தில் சிறு சில்லு சீவி அடியில் ஒட்டிவிடலாம், தவறினால் பிரித்துவிடலாம். வெட்டிய காலை நீட்ட முடியாது. நாலு காலையும் மாற்றி மாற்றி வெட்டி, கடைசியில் நாற்காலி குட்டையாகிப்போவது இந்த அவசரத்தில் நடப்பதுதான்.

இனி மூட்டு. விட்டுப்போன மூட்டுகளை முழுவதுமாகக் கழற்றுங்கள். இறுக்கமாக இருக்கும் மூட்டை வம்புக்கு இழுக்க வேண்டாம். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ஒட்டுத்தாளில் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். நாலு குறுக்குச் சட்டமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் துளையில் மற்றொன்று சரியாக உட்காராது. மூட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு மரத்துண்டை வைத்து, அதன்மேல் மரச்சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல்தான் இருக்கிறது என்றால் பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் ஓங்கி அடிக்காமல் இரு பக்கமும் மாறி மாறி, சிறிது சிறிதாகத் தட்ட வேண்டும். வர மறுத்தால் நின்று பாருங்கள். உள்ளே எங்கோ ஆணியோ, மூங்கில் முளையோ (ஆணிபோல அடித்த குச்சி) குறுக்கே போயிருக்கும். மேலே மக்கு (ஓட்டை அடைக்கும் கலவை) வைத்து மூடிய சிறு வட்டம் தெரிகிறதா என்று வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துத் தேடுங்கள்.

கழன்றதும் துளைக்குள்ளும் நாக்கின்மேலும் பழைய பசை தெரியும். இந்த வேலை முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். மரப்பசை மரத்தின் நுண்துளைக்குள் ஊறித்தான் பிடிக்கிறது. பழைய பசை அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே புதுப்பசை எவ்வளவு ஊற்றினாலும் அது தோல்போலக் காய்ந்து உரியும். ‘பசை போட்டும் நிற்கவில்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் தவறவிட்டது இந்தச் சுரண்டலைத்தான்.

பழைய பசை பழுப்பாக, கண்ணாடி போல உடைந்து பொடியானால் அது விலங்குப் பசை. வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் இளகிவிடும். வெண்மையாகவோ மஞ்சளாகவோ ரப்பர் போல இருந்தால் இப்போது நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. இதற்கு வெதுவெதுப்பான வினிகர். பஞ்சில் நனைத்து நாக்கின்மேல் சுற்றி, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பசை கொழகொழவென்று ஆகியிருக்கும், மழுங்கிய கத்தியால் வழித்துவிடலாம். துளைக்குள் பல் துலக்கும் பழைய பிரஷ் வசதி. ஒரு எச்சரிக்கை: வினிகர் போடும் முன் இரும்பு ஆணி எதுவும் மூட்டில் இருக்கக்கூடாது. தேக்கு, ஓக் போன்ற மரங்களில் வினிகரும் இரும்பும் சேர்ந்தால் எளிதில் அழியாத கறுப்புக் கறை விழும். சுரண்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால் நாரோடு இரண்டு மூன்று இழுப்பு. அதிகம் தேய்த்தால் நாக்கு மெலியும், விளிம்பு உருண்டுபோகும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். நாக்கின்மேல் விடுங்கள். சில நொடிகளில் ஊறி மரம் கறுத்தால் சரி. முத்துப்போல மேலே நின்றால் இன்னும் பசை இருக்கிறது.

அடுத்து, பசை இல்லாமல் மூட்டைச் சேர்த்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் தானாக விழக்கூடாது. அப்படி இருந்தால் நேரே பசை போடலாம். தளர்வாக இருந்தால் பசையால் அதை நிரப்ப நினைக்காதீர்கள், வெள்ளைப் பசைக்கு இடைவெளியில் பலம் கிடையாது. நாக்கைப் பருமனாக்க வேண்டும். தச்சர் இழைப்புளியில் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அந்தச் சீவல்தான் இதற்கு உகந்தது. பட்டறையில் கேட்டால் கை நிறையக் கிடைக்கும். தட்டையான நாக்காக இருந்தால் அகன்ற இரு பக்கங்களிலும் சமமாக ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் ஓரமாகத் தள்ளிப்போய் மற்ற மூட்டுகள் பொருந்தாது. உருண்டை நாக்காக இருந்தால் சீவலை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டலாம். சீவலின் நாரும் நாக்கின் நாரும் ஒரே திசையில் ஓடட்டும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தம் பாருங்கள். துணி, நூல், காகிதம் சுற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. அவை நசுங்கும், சில மாதங்களில் மூட்டு திரும்பவும் ஆடும்.

துளை ரொம்பவே அகன்று, விளிம்பு உடைந்து போயிருந்தால் மட்டும் எபாக்ஸி பசை. இரண்டு குழாயாக வரும், சம அளவு கலந்து, சலித்த மரத்தூளைச் சேர்த்துக் களிபோலப் பிசைந்து நிரப்பலாம். இது இடைவெளியிலும் கல்போல இறுகும். ஆனால் அடுத்த முறை கழற்றுவது மிகக் கடினம். ஆகவே பாட்டன் காலத்து நாற்காலியில் இதைப் போடாதீர்கள்.

நாக்கு துளையைத் தாண்டி மறுபக்கம் தெரியும் வகையாக இருந்தால் ஆப்பு வைப்பதைப்போல உறுதியானது வேறில்லை. நாக்கின் முனையில் முக்கால்வாசி ஆழத்துக்கு ஒரு ரம்ப வெட்டு போட்டு, பசையோடு செருகி, அந்த வெட்டுக்குள் மெல்லிய கெட்டி மர ஆப்பை அடித்து இறக்குங்கள். ஆப்பு, துளை உள்ள மரத்தின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நாரோடு சேர்த்து வைத்தால் விறகு பிளப்பது போலக் காலையே பிளந்துவிடும்.

பசை போடும் முன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடவிய பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம்தான் அவகாசம். துளையின் சுவரிலும் நாக்கிலும் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு. துளையின் அடியில் பசையைக் கொட்டி நிரப்ப வேண்டாம், நாக்கு இறங்கும்போது பசைக்குப் போக்கிடம் இல்லாமல் உள்ளே எதிர்த்துத் தள்ளும். மூட்டைச் சேர்த்து மரச்சுத்தியலால் தட்டி உட்கார வைத்ததும் இறுக்க வேண்டும்.

கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லை என்றால் கயிறு இருக்கிறது. கால்களைச் சுற்றிக் குறுக்குச் சட்டம் இருக்கும் உயரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கயிறு படும் மூலைகளில் மடித்த அட்டை. இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு அடி நீளக் குச்சியை நுழைத்து முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டின் வாயில் பசை சிறுமணிகளாகப் பிதுங்கி வரும். சுற்றிலும் ஒரே சீராக வந்தால் பசை எல்லா இடமும் பரவியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் முறுக்க வேண்டாம், பசை முழுக்க வெளியேறி மூட்டு வறண்டுபோகும். குச்சி திரும்பிவிடாமல் ஒரு சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டிய பட்டையும் நன்றாக இறுக்கும், வளைந்த முதுகுக்கு அதுவே மேல்.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்தபின் அங்கே வார்னிஷ் ஏறாது, வெள்ளைத் திட்டாகத் தெரியும். உடனே நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி நாலு காலும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கயிற்றால் குறுக்கு மூலைக்கு மூலை அளந்து, மற்ற இரு மூலைகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் நீளமான குறுக்கை இரு கையாலும் அழுத்திச் சரிசெய்யுங்கள். பசை பச்சையாக இருக்கும் இந்தச் சில நிமிடங்களில்தான் இது முடியும். ஒரு மணி நேரத்தில் பசை பிடித்துவிடும், ஆனால் முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். குளிர்ந்த, ஈரமான நாட்களில் கயிற்றை இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். 24 மணி நேரம் ஆகும்வரை யாரும் உட்கார வேண்டாம்.

இருக்கைக்கு அடியில் நாலு மூலையிலும் முக்கோணக் கட்டை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். விலை குறைந்த நாற்காலிகளில் அது இருக்காது, இருந்தாலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன் மரத்தில், நார் முக்கோணத்தின் நீண்ட பக்கத்தோடு ஓடும்படி வெட்டி, பசையும் பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூவும் போடுங்கள். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5, கெட்டி மரத்தில் 3 மில்லிமீட்டர் துளை முதலில் போட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் வெடிக்கும். ஸ்க்ரூவை மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் சுலபமாக இறங்கும்.

விட்டுப்போயும் கழல மறுக்கும் மூட்டுக்கு ஊசி வழி. கண்ணில் படாத பக்கத்தில் 2 மில்லிமீட்டர் துளை இரண்டு, மூட்டின் உள்ளிருக்கும் இடைவெளி வரை சாய்வாகப் போட்டு, பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பசையை சிரிஞ்சால் ஏற்றுங்கள். ஒரு துளையில் ஏற்றுவது மறு துளையில் வெளியே வர வேண்டும். இது பழைய பசையின்மேல் போடும் பூச்சுதான். ஆட்டம் குறையும், ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாக்கே முறிந்திருந்தால் முறிந்த முனையைச் சமமாக அறுத்து, துளைக்குள் மாட்டிய மிச்சத்தைத் துளைத்தெடுத்து, மர முளை (உருண்டையான சிறு மரக்குச்சி) வைத்து இணைக்கலாம். முளையின் குறுக்களவு சட்டத் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேற்படாமல் இருக்கட்டும். 20 மில்லிமீட்டர் சட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் முளை. ஒரு மூட்டுக்கு இரண்டு வேண்டும், ஒன்றே ஒன்று வைத்தால் சட்டம் அச்சில் சுழலும். இரு பக்கமும் 25 மில்லிமீட்டர் இறங்கட்டும், துளையை 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் போடுங்கள். எவ்வளவு ஆழம் என்று ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக் குறி வைத்துக்கொள்ளலாம். முளையின் உடம்பில் கத்தியால் நீளமாக ஒரு கீறல் போட்டால் மிகுந்த பசை அதன் வழியே வெளியேறும்.

உங்கள் மேசையைக் கவிழ்த்தால் வேலை பாதி முடிந்துவிடும். பல சாப்பாட்டு மேசைகளின் கால், மூலையில் உள்ள இரும்புத் தகட்டின் வழியே ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். நட்டை ஸ்பேனரால் இறுக்கி, அதன் அடியில் ஒரு ஸ்ப்ரிங் வாஷர் போட்டால் போதும். போல்ட் காலுக்குள்ளேயே சுழன்றால் மரத்தில் புரி தேய்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ஓட்டையை எபாக்ஸி-மரத்தூள் கலவையால் நிரப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி துளையிட்டுத் திருகுங்கள். மேசைப் பலகை ஆடுகிறதே என்று அதைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அகலமான பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஒட்டினால் ஒரு கோடையில் நடுவே வெடிக்கும். அதைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் ஓட்டை நீள்வட்டமாக இருப்பதே அந்த அசைவுக்காகத்தான்.

எந்தச் சாமானிலும் ஸ்க்ரூ பிடிக்காமல் சுழன்றால், பசையில் தோய்த்த தீக்குச்சிகளை, மருந்தை வெட்டிவிட்டு, ஓட்டை நிறையச் செருகி, உடைத்துச் சமமாக்கி, காய்ந்தபின் திருகுங்கள். கதவுக் கீல் போலப் பாரம் வரும் இடத்தில் தீக்குச்சி போதாது. ஓட்டையை 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி முளை ஒன்றை ஒட்டி, அதில் புதிதாகத் துளையிடுங்கள்.

புத்தக அலமாரி பக்கவாட்டில் சாய்ந்தாடினால் குற்றம் பெரும்பாலும் தட்டுகளில் இல்லை, பின்பலகையில் இருக்கும். 3 மில்லிமீட்டர் மெல்லிய பலகைதானே என்று யாரும் அதை மதிப்பதில்லை. நாலு சட்டம் சேர்ந்த செவ்வகம் சாய்ந்து சரியும். பின்னால் முழுப்பலகை ஒன்று ஆணியோடு பிடித்துக்கொண்டால் சரிய முடியாது. அலமாரியைக் காலி செய்து, முகம் தரையில் படக் கிடத்தி, மூலைக்கு மூலை அளந்து சமமாக்கி, பழைய ஓட்டைகளை விட்டுத் தள்ளி 10 முதல் 15 செண்டிமீட்டருக்கு ஒரு சிறு ஆணி, நடுத்தட்டுகளிலும் சேர்த்து அடியுங்கள். ஆணியை நான் எங்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இது அதற்கான இடம். ஓரம் பக்கச் சட்டத்தின் பள்ளத்தில் உட்காரும் பலகையாக இருந்தால் பசையும் சேர்க்கலாம். நிமிர்த்தியதும் மேல்பகுதியைச் சுவரோடு ஒரு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

தட்டுகள் மரத்தூள் பலகையாக இருந்தால் விதி வேறு. அதில் நார் கிடையாது, ஸ்க்ரூ ஒருமுறை பிய்ந்தால் தீக்குச்சி வைத்தியம் நிற்காது. ஓட்டையில் முதலில் நீர்த்த பசையை ஊற்றிச் சுவரைக் கெட்டியாக்கி, ஒரு நாள் கழித்து எபாக்ஸியால் நிரப்புங்கள். தண்ணீர் பட்டு உப்பிப்போன பகுதிக்கு எந்தப் பசையும் பலன் தராது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

எதைத் தொடும் முன்னும் ஒரு நிமிடம் காலின் அடியையும் மூட்டையும் ஊசியால் குத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகளும், கீழே மாவுபோலத் தூளும் இருந்தால் வண்டு துளைத்திருக்கிறது. ஊசி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்தத் துண்டில் பசை பிடிக்க மரமே இல்லை. நாரோடு நீளமாக விரிசல் விட்ட கால் பசைக்கு நன்றாகக் கட்டுப்படும். நாருக்குக் குறுக்கே, மூட்டுக்கு ஒட்டி முறிந்த கால் கட்டுப்படாது, புதுக்கால் போட வேண்டும். அந்த நாற்காலியை ஒட்டிவைத்து யாரையும் உட்கார வைக்காதீர்கள். மற்றவற்றை 24 மணி நேரம் ஆனதும் முதலில் கையால் நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்து, கறுப்புக் கோடு எங்கும் திறக்கவில்லை என்று கண்ட பிறகு உட்காருங்கள். போல்ட் போட்ட மேசையை மட்டும் ஒரு மாதம் கழித்து மறுபடி கவிழ்த்து நட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள்.